ஆற்றில் இறங்கும்போது எதைச் சுமப்பது? பார்க்டேலில் இருந்து ஹம்பர் வரை ஒரு தூண்டில் கணக்கு

செப்டெம்பர் கடைசியில் ஓல்ட் மில் சப்வே ஸ்ரேஷனில் இறங்கி ஹம்பர் ஆற்றங்கரையால் நடந்தால் இரண்டு வகை ஆக்களைக் காணலாம். ஒரு கூட்டம் பிள்ளைகளோடு கரையில் நின்று, சிறு தடுப்பணைகளின் மேலாகச் சமன் மீன்கள் பாய்வதைப் பார்க்கும். மற்றக் கூட்டம் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசும். அந்த இரண்டாவது கூட்டத்தில் இப்போது எங்கட முகங்களும் தெரிகின்றன. அதிலும் இங்கே பிறந்த பிள்ளையள் ஃப்ளை ஃபிஷிங் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். வீட்டில் அம்மாமார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மீன் பிடிக்கப் போறதுக்கு ஏன் தம்பி இவ்வளவு சாமான்?"

அது நல்ல கேள்வி. கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். இணையத்தில் வீடியோ போடுகிறவர்களும் கேட்கமாட்டார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் எந்தப் பை புதிது, எந்தப் பையில் எத்தனை பொக்கற் என்பதுதான். அவர்கள் மனதில் இருக்கும் ஆள் காரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர். பார்க்டேலில் ஆறாம் மாடியில், ஒரு அறை அப்பார்ட்மென்ற்றில் இருந்துகொண்டு, ஸ்ட்ரீட்காரில் ஆற்றுக்குப் போகிற ஆளின் கணக்கு வேறு. அந்த ஆளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏரி பக்கத்தில், ஆனால் தூரத்தில்

1980களில் ரொறன்ரோவுக்கு வந்த ஈழத்தமிழர் பலருக்கு முதல் முகவரி ஸ்காபரோ அல்ல. சென் ஜேம்ஸ் டவுனும் பார்க்டேலும்தான். ஜேம்சன் அவெனியூவின் உயர்ந்த கட்டிடங்களில் ஒரே அறையில் பலர் பாய் விரித்துப் படுத்த காலத்தை இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் நன்றாகவே நினைவு வைத்திருப்பார்கள். பிறகு பெரும்பாலானவர்கள் கிழக்கே போனார்கள். இன்று அதே தெருக்களில் திபெத்தியர் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் பார்க்டேலில் எங்கட குடும்பங்கள் முழுதாக இல்லாமல் போய்விடவில்லை. 2017இல் வாடகை உயர்வை எதிர்த்து அங்கே நடந்த வாடகை மறுப்புப் போராட்டம் நாட்டுச் செய்தியானது நினைவிருக்கலாம். வாடகை ஒவ்வொரு டொலராக எண்ணப்படும் இடம் அது.

அந்த இடத்துக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் நடுவில் கார்டினர் நெடுஞ்சாலை கிடக்கிறது. 1950களில் அதைப் போட்டபோது தெற்குப் பார்க்டேலின் வீடுகள் பல உடைக்கப்பட்டன. சன்னிசைட்டில் இருந்த கேளிக்கைப் பூங்காவும் போனது. அதனால் ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் பாலம் ஏறிக் கடந்துதான் போகவேண்டும். ஆனால் ஒருமுறை கடந்துவிட்டால் தூண்டில்காரருக்குக் குறைவில்லை. மேற்கே நடந்தால் சன்னிசைட் கரை, அதற்கப்பால் ஹம்பர் முகத்துவாரம். வடமேற்கே ஹை பார்க்கின் கிரெனடியர் குளம். கிங் வீதி 504 ஸ்ட்ரீட்காரில் டண்டாஸ் வெஸ்ட் போய், அங்கிருந்து மேற்கே போகும் சப்வேயில் ஏறினால் ஓல்ட் மில்லில் ஆறு உங்கள் காலடியில். கார் இல்லாமல், ஒரு பயணக் கட்டணத்தில், சமன் மீன் ஏறும் ஆற்றுக்குப் போகக்கூடிய பெருநகரம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

அந்த மீன்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த ஏரியின் சொந்த அத்திலாந்திக் சமன் மீன், ஆலை அணைகளாலும் காடழிப்பாலும் மிதமிஞ்சிய பிடிப்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அழிந்துபோனது. அதைத் திரும்பக் கொண்டுவரும் திட்டம் 2006இல் தொடங்கி நடக்கிறது. இன்று இலையுதிர் காலத்தில் ஹம்பரில் பாயும் பெரிய சினூக் சமன், பசிபிக் கரையில் இருந்து கொண்டுவரப்பட்டு 1960களின் கடைசியில் இருந்து இங்கே விடப்பட்ட இனம். வசந்தத்தில் ஏறும் ரெயின்போ ட்ரவுட்டும் மேற்குக் கரையில் இருந்து வந்ததுதான். பிரவுண் ட்ரவுட் ஐரோப்பாவில் இருந்து வந்தது. எல்லாம் வந்தேறிகள்தான். எல்லாம் இப்போது இந்த ஆற்றின் மீன்கள்தான்.

இரண்டு கையும் வேலை செய்யும் தொழில்

சாதாரணத் தூண்டிலில் கொளுக்கியின் முனையில் இருக்கும் ஈயமோ மிதப்போதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் கொளுக்கியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. அதற்குப் பாரம் இல்லை. அதனால் நூலையே பாரமாகச் செய்திருக்கிறார்கள். தடியை முன்னும் பின்னும் ஆட்டும்போது அந்தத் தடித்த நூல் காற்றில் விரிந்து பூச்சியைக் கொண்டுபோய் வைக்கிறது. வலக்கை தடியில், இடக்கை நூலில். இரண்டு கையும் எப்போதும் வேலையில்.

கரையில் இருந்து பிடிக்கும் ஆள் ஒரு வாளி, ஒரு மடிப்புக் கதிரை, ஒரு பெட்டி என்று பரப்பி வைக்கலாம். ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவர் ஆற்றுக்குள் நிற்கிறார், நகர்ந்துகொண்டே இருக்கிறார். கீழே வைக்க இடம் இல்லை. தேவையானதெல்லாம் உடம்பில்தான் இருக்கவேண்டும், அதுவும் ஒரு கையால் எடுக்கக்கூடியதாக. இதுதான் சுமக்கும் பிரச்சினையின் முழு வேர்.

இது எங்களுக்குப் புதிய பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணக் களக்கடலில் வீச்சுவலை எறிகிறவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் இரண்டு கையும் வலையில். அவரும் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே இருக்கிறார். அவர் கண்ட தீர்வு பறி. ஓலையாலோ பிரம்பாலோ பின்னிய மீன்கூடையை இடுப்பில் கட்டிக்கொள்வது. தோளில் ஒன்றும் தொங்காது, வீசும் கையை ஒன்றும் தடுக்காது. இன்று ரொறன்ரோக் கடைகளில் இடுப்புப்பை என்று விற்கிறார்களே, அது நைலோனில் தைத்த பறிதான்.

இதற்கு நேரெதிரான காட்சி மலையகத்தில். தேயிலைக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பாரம் முழுவதையும் கழுத்திலும் முதுகிலும் தாங்கி, சரிவில் நாள் முழுக்க நடக்கும் பெண்கள். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கவேண்டும் என்பதற்காகக் கண்ட வழி அது. அதன் விலையைக் கழுத்தும் முள்ளந்தண்டும் கொடுத்தன. கடையில் பை தெரிவு செய்யும்போது இந்த இரண்டு படங்களையும் மனதில் வைத்திருந்தால் போதும். பாரம் இடுப்பில் இறங்குகிறதா, கழுத்தில் தொங்குகிறதா என்பதே முதல் கேள்வி.

ஐந்து வழிகள், ஐந்து விலைகள்

*வெஸ்ட்.* அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் 1930களின் தொடக்கத்தில் பொக்கற்றுகள் வைத்துத் தைத்ததாகச் சொல்லப்படும் கைகள் இல்லாத மேற்சட்டை. படங்களில் காணும் ஃப்ளை ஃபிஷிங்காரர் எல்லோரும் போட்டிருப்பது இதுதான். நன்மை: ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம், பாரம் இரண்டு பக்கமும் சமம், கண்ணை மூடிக்கொண்டும் கை போகும். தீமை: இருபது பொக்கற் இருந்தால் இருபதையும் நிரப்பத் தோன்றும். பாரம் முழுவதும் பிடரியில். ஜூலை வெய்யிலில் வேர்த்துக் கொட்டும். குளிர்காலத்தில் தடித்த ஜக்கெற்றுக்கு மேல் பூராது. இருந்தாலும், பழைய உடுப்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரே வகை இதுதான். புதிதாகத் தொடங்குகிறவர் அதை மறக்கவேண்டாம்.

*நெஞ்சுப்பை.* எல்லாம் கண்ணுக்கு முன்னால். நெஞ்சளவு தண்ணீர் வரும்வரை நனையாது. பூச்சி மாற்றும்போது பையின் மூடியே மேசையாகும். ஆனால் ஒரு குறை பெரியது: உங்கள் கால் எங்கே போகிறது என்பதை அது மறைக்கும். ஹம்பரின் அடி பாசி பிடித்த தட்டைக் கற்கள். கீழே பார்க்க முடியாமல் நடக்கிறவர் விழுவார். வாங்குவதென்றால் மெல்லியதாக வாங்குங்கள்.

*தோள்குறுக்குப் பை.* ஒரு தோளில் மாட்டி முதுகில் தள்ளிவிடலாம், தேவைப்படும்போது முன்னுக்கு இழுக்கலாம். ஸ்ட்ரீட்காரில் ஏறும்போது நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. வீசும் கை எந்தப் பக்கமோ அந்தத் தோள் விடுதலையாக இருக்கும்படி பார்த்து வாங்கவேண்டும். இடக்கைக்காரர் கவனம்: பல பைகள் வலக்கைக்காரருக்கென்றே தைத்தவை. நாள் முழுக்கப் போட்டால் ஒரு தோள் நோகும். தொழிற்சாலையிலோ கிளீனிங் வேலையிலோ தோளைத் தேய்த்தவர்களுக்கு இது ஆகாது.

*இடுப்புப்பை.* எங்கட பறி. பாரம் இடுப்பெலும்பில். தோள் இரண்டும் விடுதலை. வெக்கை இல்லை. பின்பக்கம் தள்ளிவிட்டு வீசலாம், முன்னுக்குச் சுழற்றிப் பூச்சி எடுக்கலாம். குறை: இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் எல்லாம் நனையும். நீர்புகாத பை விலை கூட. அதற்குப் பதில் சாதாரணப் பைக்குள் சிப் வைத்த பிளாஸ்ரிக் உறைகளைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. உண்மையில் இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்கவேண்டிய தேவை ஹம்பரில் எவருக்கும் இல்லை. பை நனைகிற ஆழம் வந்தால் நீங்கள் திரும்பவேண்டிய ஆழமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*முதுகுப்பை.* சாப்பாடு, மழைச்சட்டை, மாற்றுச் சப்பாத்து எல்லாம் போடலாம். தடிக்குழாயைப் பக்கத்தில் கட்டலாம். போய்வருவதற்கு இதைப்போல் வசதி வேறில்லை. ஆனால் ஆற்றுக்குள் நிற்கும்போது இதில் இருந்து ஒன்றையும் எடுக்கமுடியாது. கழற்றி வைக்க இடம் எங்கே?

இந்த ஐந்துக்கும் வெளியே ஒன்று இருக்கு: வெறும் கழுத்துக்கயிறு. அதில் நூல் வெட்டும் நகவெட்டி, தங்கூசிச் சுருள் இரண்டு, பூச்சியை மிதக்க வைக்கும் எண்ணெய்க் குப்பி. பூச்சிப் பெட்டி சேர்ட் பொக்கற்றில். கிரெனடியர் குளக்கரையில் பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் நின்று சிறு மீன் பிடிப்பதற்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அந்தக் கரையில் பின்னால் நடைபாதையில் ஓடுகிறவர்களும் தள்ளுவண்டிகளும் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூச்சி பின்னால் பறக்காமல் தண்ணீரில் உருட்டி வீசும் 'ரோல் காஸ்ட்' முறையைத்தான் முதலில் பழக்கவேண்டும்.

பைக்குள் என்ன?

பையின் அளவைக் கடை தீர்மானிக்கக்கூடாது. சாமானை முதலில் மேசையில் பரப்புங்கள். பிறகு அதற்கு ஏற்ற பை.

ஹம்பருக்குப் போகிறவருக்கு ஒரே ஒரு பூச்சிப் பெட்டி போதும். அதில் பத்துப் பன்னிரண்டு பூச்சி, மூன்று நான்கு வகையில். தங்கூசி இரண்டு சுருள். அதன் தடிப்பை 'எக்ஸ்' எண்ணால் குறிப்பார்கள். கணக்கு சுலபம்: 11இல் இருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், 5எக்ஸ் என்றால் 0.006. எண் கூடினால் நூல் மெலியும். சிறு ட்ரவுட்டுக்கு 4எக்ஸ், 5எக்ஸ். சினூக் சமன் மீனுக்கு அது தையல்நூல் மாதிரி, 0எக்ஸ் அல்லது அதைவிடத் தடித்தது வேண்டும். பல்லில் படாமல் கொளுக்கி கழற்ற ஒரு மெல்லிய இடுக்கி. நகவெட்டி. ஈயத்துக்குப் பதில் ஈயம் இல்லாத சிறு பாரங்கள். ஈயத்தை விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன என்பதால் கனடாவின் தேசியப் பூங்காக்களில் சிறு ஈயக் குண்டுகளுக்கு 1997 முதல் தடை. ஹம்பர் தேசியப் பூங்கா இல்லை, ஆனால் அதன் வாத்துக்கும் வயிறு ஒன்றுதான்.

இதற்கு மேல் தண்ணீர்ப் போத்தல், ஒரு ஊதுகுழல், உலர்ந்த காலுறை ஒரு சோடி, உறையில் போட்ட ஃபோன். முழுவதையும் அடுக்கினால் ஒரு மதியச் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் வரும். மிச்சமெல்லாம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்வது. எங்கட வீடுகளில் அலுமாரிக்கு மேல் அடுக்கி வைத்த வெறும் பிஸ்கற் ரின்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நோயைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

தடி வாங்கும்போது 4 துண்டாகக் கழலும் தடியை வாங்குங்கள். 9 அடித் தடி கழற்றினால் குழாயோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டரை அடியில் அடங்கும். அது முதுகுப்பையின் பக்கத்தில் நிற்கும், சப்வேக் கதவில் அடிபடாது. இரண்டு துண்டுத் தடி காருக்குத்தான் சரி. ஸ்ட்ரீட்காரில் ஏறுமுன் பூச்சியை வெட்டிப் பெட்டிக்குள் போடவேண்டும். பக்கத்தில் இருக்கும் அக்காவின் சால்வையில் கொளுக்கி மாட்டினால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது.

தண்ணீர் விளையாட்டுப் பொருள் இல்லை

1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி வந்தபோது ஹம்பர் ஆறு ரேமோர் டிரைவ் என்ற தெருவின் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர். ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர். அதற்குப் பிறகுதான் ஆற்றோரத் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டு, அவை பூங்காக்களாயின. நாங்கள் இன்று பிள்ளைகளோடு நடக்கும் பசும்புல்வெளி அந்தச் சாவுகளால் வந்தது. இன்றும் ஒரு கடும் மழை பெய்தால் நகரத்தின் தார்வீதித் தண்ணீரெல்லாம் ஆற்றுக்குத்தான் வரும். சில மணித்தியாலத்தில் ஆறு ஏறிவிடும். மழைக்குப் பிறகு போகிறவர் ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபையின் வெள்ள அறிவித்தலைப் பார்த்துவிட்டே போகவேண்டும்.

சுமக்கும் முறை இங்கேதான் உயிர்ப் பிரச்சினை ஆகிறது. நெஞ்சுவரை வரும் நீர்காக்கும் காற்சட்டையை 'வேடர்ஸ்' என்பார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்தால் அது ஆளைக் கீழே இழுக்கும் என்ற பயம் பலருக்கு. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை, ஆகவே இழுக்காது. ஆனால் நீந்துவது கடினமாகும், கரை ஏறும்போது காலில் வாளி கட்டினது போலாகும். அதனால் வேடர்ஸுக்கு மேல் ஒரு பட்டியை இறுக்கிக் கட்டுவது கட்டாயம், தண்ணீர் புகுவதை அது குறைக்கும். இடுப்புப்பையின் பட்டியை அதற்குப் பதிலாக நினைக்கக்கூடாது. பட்டி வேறு, பை வேறு. பட்டி இறுக்கமாக இருக்கவேண்டும். பை ஒரு சொடுக்கில் கழலவேண்டும். முதுகுப்பையோடு ஆற்றைக் கடக்க நேர்ந்தால் அதன் இடுப்புக் கொளுவியைக் கழற்றிவிட்டுக் கடவுங்கள். பை மரக்கொப்பில் மாட்டினால் பையை விட்டுவிட்டு நீங்கள் வரவேண்டும், பையோடு நீங்கள் நிற்கக்கூடாது.

விழுந்துவிட்டால் மல்லாந்து, காலை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதக்கவேண்டும். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம், மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கவே வேண்டாம். ஏப்பிரலில் ஆற்றுத் தண்ணீர் பனி கரைந்த தண்ணீர். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் வேறு உலகம். "எனக்குக் கடலே தெரியும், இது என்ன வாய்க்கால்" என்று சொல்லுகிற மாமாமாருக்கு இதை விசேடமாகச் சொல்லவேண்டி இருக்கு.

நெஞ்சுப் பொக்கற்றில் ஒரு அட்டை

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி அனுமதி வேண்டும். அதற்குக் குறைந்தவர்களும் கூடியவர்களும் அனுமதி வாங்கத் தேவையில்லை, ஆனால் வயதைக் காட்ட அடையாள அட்டை வேண்டும், அளவும் எண்ணிக்கையும் அவர்களுக்கும் பொருந்தும். ஆண்டில் சில நாட்களில், அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகள் உட்பட, இங்கே வசிப்பவர்கள் அனுமதி இல்லாமலே பிடிக்கலாம். பிள்ளைகளை முதல்முறை கூட்டிப்போக அது நல்ல நாள். எந்த மீனுக்கு எந்தக் காலம், ஆற்றின் எந்தத் துண்டு மூடியது என்பதெல்லாம் மாகாண விதிநூலில் இருக்கும். போகுமுன் பார்க்கவேண்டும்.

இந்த அட்டையைப் பைக்குள் அடியில் போடாதீர்கள். நெஞ்சுப் பொக்கற்றில் வையுங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கு. 2007இல் சிம்கோ ஏரிப் பக்கம் உட்பட ஒன்ராறியோவின் பல இடங்களில் ஆசிய முகம் கொண்ட மீன்பிடிக்காரர்கள் தாக்கப்பட்டார்கள். தண்ணீருக்குள் தள்ளப்பட்டார்கள். சாமான்கள் சேதமாக்கப்பட்டன. ஒருவர் மூளையில் படுகாயமடைந்தார். அந்த நவம்பரில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. 2008இல் வந்த அறிக்கையின் தலைப்பே 'பயமின்றி மீன்பிடித்தல்' என்பதுதான். தாக்கியவர்களின் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்பட்ட சாட்டு, 'இவர்கள் அனுமதி இல்லாமல் பிடிக்கிறார்கள், அளவுக்கு மிஞ்சி அள்ளுகிறார்கள்' என்பது. அனுமதியைச் சரிபார்ப்பது பாதுகாப்பு அதிகாரியின் வேலை. பக்கத்தில் நிற்கிறவரின் வேலை இல்லை. அவருக்கு நீங்கள் அட்டை காட்டவேண்டிய கடமையும் இல்லை.

ஆனாலும் அட்டையும் ஃபோனும் ஒரு கைக்கு எட்டும் இடத்தில், நெஞ்சில் இருக்கட்டும். எவராவது வம்புக்கு வந்தால் முதுகுப்பையைக் கழற்றித் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. இருவராகப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கட பிள்ளையளில் சிலர் விலைகூடிய வெஸ்ட்டும் தொப்பியும் போட்டால் ஆற்றில் மரியாதை கிடைக்கும் என்று நினைப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த எண்ணம் எங்கே இருந்து வருகிறது என்பதும் விளங்குகிறது. ஆனால் ஆற்றில் நிற்கும் உரிமை உடுப்பில் இருந்து வரவில்லை. அதைத் தருவது அந்தச் சின்ன அட்டையும் மாகாணச் சட்டமும்தான்.

துரைமாரின் தடி

தமிழ் நிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தோமஸ் 1873இலேயே இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றித் தனி நூல் எழுதினார். இலங்கையில் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் துரைமார் ட்ரவுட் விட்டார்கள். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் மீனும் ஓடையும் துரைமாரின் பொழுதுபோக்குக்கு. அதே மலையில் பாரம் சுமந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று அந்தச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஹம்பரில் தாங்களே தடி பிடித்து, தங்கள் சாமானைத் தாங்களே சுமக்கிறார்கள். அதனால்தான் எவ்வளவு சுமப்பது என்பதையும் அவர்கள் தாங்களே தீர்மானிக்கவேண்டும் என்கிறேன்.

வீட்டுக்கு ஒரு மீன்

ஃப்ளை ஃபிஷிங்காரர் பலர் பிடித்த மீனைத் திரும்ப விடுவார்கள். எங்கட ஆக்களுக்கு இது விளங்காது. "பிடிச்சதை ஏன் விடுறியள்?" என்பார்கள். இரண்டும் சட்டப்படி சரிதான், விதிக்குள் இருந்தால். விடுவதென்றால் கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து, இடுக்கியால் கழற்றி விடுங்கள். அதற்குத்தான் ரப்பர் கண்ணி வைத்த கைவலையை முதுகில் காந்தக் கொளுவியில் மாட்டி வைப்பது.

கொண்டுபோவதென்றால் முன்பு ஊரில் பனையோலை உமலில் மீன் வாங்கி வந்தது போல இங்கே முடியாது. சப்வேயில் மணக்கும். மடக்கக்கூடிய ஒரு குளிர்ப்பையையும் உறைந்த தண்ணீர்ப் போத்தலையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். எந்த இனம், எத்தனை என்று அதிகாரி பார்த்தால் தெரியும்படி மீன் இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே ஆற்றங்கரையில் துண்டு போடவேண்டாம். ஒன்ராறியோ அரசு எந்த நீர்நிலையில் எந்த மீனை, என்ன நீளத்தில், மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனி அளவு இருக்கு. பெரிய மீனில் நஞ்சுப் பொருட்களும் கூட. சமன் குழம்பு வைக்குமுன் அதை ஒருமுறை பாருங்கள்.

என்னுடைய தீர்ப்பு

கார் இல்லாத, அப்பார்ட்மென்ற்றில் இருக்கிற ஆளுக்கு இரண்டு பை போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பாடசாலை முதுகுப்பை ஒன்று, போய்வர. அதற்குள் ஒரு சிறிய இடுப்புப்பை, ஆற்றில் இறங்க. கரைக்குப் போனதும் இடுப்புப்பையைக் கட்டிக்கொண்டு, முதுகுப்பையைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். தனியே போனால் முதுகுப்பையில் விலையான ஒன்றும் வைக்காதீர்கள். இடுப்பு நோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மெல்லிய நெஞ்சுப்பையைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கழுத்துக்கயிறு. வெஸ்ட் பிடிக்குமென்றால் பழையதை வாங்கி, பாதிப் பொக்கற்றைத் தைத்து மூடிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி பல்கனியில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரப்பையோடு அடுத்த ஆற்றுக்குப் போனால் ஒரு ஆற்றின் நோயையும் அந்நிய உயிர்களையும் மற்ற ஆற்றுக்குக் காவிக்கொண்டு போகிறீர்கள். காய்ந்த பிறகு மேசையில் கொட்டிப் பாருங்கள். அன்றைக்குத் தொடாத சாமானை அடுத்த முறை வீட்டில் விடுங்கள். நகவெட்டி, ஊதுகுழல், அனுமதி அட்டை மூன்றையும் மட்டும் தொட்டாலும் தொடாவிட்டாலும் கொண்டுபோங்கள். நாலைந்து தரம் இப்படிச் செய்தால் உங்கள் பை என்ன அளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். புதிய பை வாங்குவதென்றால் அதற்குப் பிறகு வாங்குங்கள்.